கேனில் இருந்தது மழை

1

“காத்துல எது ஜாஸ்தி இருக்கு, சொல்லு?”

ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வைஜெயந்தி மேடம் என்னிடம் கேட்டது இது. எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காக ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தெரிந்த பதிலையே சொல்ல மாட்டேன். இதற்குப் பதில் தெரியவும் தெரியாது.

“நைட்ரஜன்,” என்று அவரே சொன்னார். “நாலுல மூணு பங்குக்கு மேல அதான். ஆனா செடியால அதை நேரா எடுத்துக்க முடியாது. சில பாக்டீரியாதான் காத்துலேர்ந்து புடிச்சு, செடிக்கு ஆகுற மாதிரி மாத்திக் குடுக்கும்.”

தமிழும் இந்தியும் கலந்து பேசும் எங்கள் தீவில், லம்பா லைன் என்னும் பகுதியில் இருக்கும் வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கும் நோட்டில் அதை எழுதிவைத்தேன். இந்தக் கதை அந்தக் கேள்வியில் பிறந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் இது நான் செய்த ஒரு தவறில் பிறந்தது. அதற்குத் திட்டு வாங்கியவர் வேறொருவர். அவருக்கு நன்றி சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘டாலிகஞ்சில், கடற்காற்று தழுவும் ஓர் ஆய்வகத்தில்…’ எங்கள் ஆய்வகம் இருப்பது டாலிகஞ்சில்தான்; ஆனால் அதன் சன்னலுக்கு நேர் எதிரே இருப்பது பஞ்சர் கடை. அடித்துவிட்டேன்.

பிறகு: ‘பழனியாண்டி அண்ணன் மிகவும் நல்லவர்.’ அதையும் அடித்தேன். முதல் வரியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டால் நீங்கள் எதற்கு மேலே படிக்க வேண்டும்?

அதனால் வேலையைச் சொல்கிறேன். கடலோரச் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்களின் வேரடியிலிருந்து மேடம் ஒரு பாக்டீரியாவைப் பிரித்திருக்கிறார். உப்பிலும் அது காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிறது என்று உறுதியானால், கடல்நீர் ஏறிக் கெட்டுப்போன வயல்களுக்கு உதவும். சோதிக்கும் முறை எளிது. நைட்ரஜனே இல்லாத ஒரு கரைசலில் அதை விடவேண்டும். வளர்ந்து கரைசல் கலங்கினால், நைட்ரஜனைக் காற்றிலிருந்துதான் எடுத்திருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு வரிசைக் குடுவைகளில், காற்றிலிருந்து எடுக்கத் தெரியாத சாதாரண பாக்டீரியாவை விடுவார்கள். அது வளரக்கூடாது.

(வளர்ந்துவிட்டால் கரைசலில் எங்கோ நைட்ரஜன் புகுந்துவிட்டது என்று அர்த்தம். இது ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.)

மேடம் சோதிப்பவர். பழனியாண்டி அண்ணன் உப்புகளை நிறுத்துப் போட்டுக் கரைசல் தயாரிப்பவர். நான் குடுவை கழுவுபவள்.

“ராஜகுமாரிக்கு இன்னைக்கு எத்தனை பாட்டில்? மந்திரிமாரை அனுப்பவா?” என்று தினமும் கேட்பார் அண்ணன். என் பெயரே அதுதான்; அதை வைத்துத்தான் இந்தக் கேலி. நான் சிரிப்பேன். அதுதான் எங்களுக்குள் இருந்த பேச்சு.

3

அது மார்ச் மாதம். மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணீர் ஓடாமல் காய்ச்சி வடிக்கும் மிஷின் ஓடாது. கரைசலுக்கு வடித்த தண்ணீர்தான் வேண்டும். அதற்கான வெள்ளைக் கேன் காலி.

“பானி இல்லாம மிஷின் என்ன பண்ணும், என்னைப் பாத்து முழிக்கும்,” என்றார் அண்ணன். டெலானிபூரில் ஓர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கக் கிளம்பிப் போனார். மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. அதை நீட்டிப்பதற்கான காகிதங்கள் அவை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒருமுறை மேடம் விருந்தினர்களிடம் சொன்னதைத் குடுவை கழுவும் தொட்டியருகே நின்று கேட்டிருந்தேன்: “மழையும் வடிச்ச தண்ணிதான். சூரியன் காய்ச்சுது, மேகம் வடிக்குது.” கொல்லையில் தகரக் கூரையின் கீழே, முந்தின வாரத்து மழை நிரம்பிய ட்ரம் இருந்தது. சுத்தமான துணியில் வடிகட்டிக் கேனை நிரப்பினேன். பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணன் திரும்பி வந்து கேனைப் பார்த்தார். “அரே, தண்ணி டாங்கர் வந்துச்சா? மிஷின் ஓடுச்சா?”

நான் தலையாட்டினேன்.

(ஏன் ஆட்டினாய் என்று கேட்பீர்கள். இல்லை என்றால் அதற்கு மேலும் பேச வேண்டியிருக்கும். ஆமாம் என்பதற்குத் தலை போதும்.)

4

அந்தத் தண்ணீரில் அண்ணன் கரைசல் செய்த நான்காம் நாள் சாதாரண பாக்டீரியாவும் வளர்ந்திருந்தது. எல்லாக் குடுவையும் ஒரே மாதிரி கலங்கல்.

“ஜாடியை மாத்தி எடுத்துட்டீங்களா, பழனியாண்டி? அமோனியம் உப்பைப் போட்டிருக்கீங்க.”

“சரியாத்தான் மேடம் போட்டேன்.”

“அப்ப வானத்துலேர்ந்தா வந்துச்சு நைட்ரஜன்?”

அண்ணன் அலமாரியிலிருந்த ஜாடியை எடுத்து அதன் பெயரை மறுபடி பார்த்தார். “இப்படி இருந்தா ரெனியூவலுக்கு நான் எப்படி எழுதித் தர்றது?” என்றார் மேடம். கத்தவில்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் கொல்லைப் பக்கம் போனேன். கூரை விளிம்பில் மைனாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தகரமெல்லாம் எச்சம். மழை அதைக் கழுவித்தான் ட்ரம்மில் விட்டிருக்கிறது. எச்சத்தில் நைட்ரஜன் உண்டு என்று அங்கு வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

எனக்கு முன்பே அண்ணன் ட்ரம்முக்கு அருகே நின்றுகொண்டிருந்தார். மேலே மைனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும், “என்ன ராஜகுமாரி, பாட்டில் முடிஞ்சுதா?” என்று கேட்டு உள்ளே போய்விட்டார்.

5

இந்த இடத்தில் என்னைத் தைரியசாலியாக்கி ஒரு பக்கம் எழுதினேன். ‘அவள் நிமிர்ந்து நின்று, மேடம், தவறு என்னுடையது என்று…’ பொய். கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். வீட்டில் ஒளித்து வைத்திருந்த நோட்டைக் கொண்டுபோனேன். ‘தண்ணீர் இல்லை. ட்ரம்மிலிருந்து கேனை நிரப்பினேன். டாங்கர் என்று தலையாட்டினேன்’ என்று எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து, மேடத்தின் மேசையில் வைத்துவிட்டுத் தொட்டிக்குப் போய்விட்டேன். முதல்முறையாக என் நோட்டை இன்னொருவர் படித்தார். கழுவிய குடுவையையே மறுபடி கழுவினேன்.

வெகுநேரம் கழித்து மேடம் வந்தார். “மழைத் தண்ணின்னு சொன்னது நான்தானே,” என்றார். “கூரையைச் சொல்ல மறந்துட்டேன்.” பிறகு நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். “அந்த ஒரு பக்கம்தான் படிச்சேன். இனிமே கேன்ல என்ன ஊத்துனாலும் தேதி போட்டு எழுது. உனக்குத்தான் எழுத வருதே.”

அண்ணனைக் கூப்பிட்டார். “உங்களைத் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க. லெட்டர் இன்னைக்கே தர்றேன்.”

“டீக் ஹை மேடம், பரவாயில்ல,” என்றார் அவர், ஏதோ டீக்குச் சர்க்கரை போதும் என்பதுபோல.

(பிறகு புதிதாக வடித்த தண்ணீரில் செய்தபோது சாதாரண பாக்டீரியா வளரவில்லை. கண்டல் வேர்ப் பாக்டீரியாவை விட்ட கரைசல் மட்டும் கலங்கியது. மேடம் அந்தக் குடுவையைத் தூக்கி எனக்குக் காட்டினார்.)

6

எனக்கு மிச்சமிருப்பது ஒரே சந்தேகம். டாங்கர் வரவில்லை என்று வாசலில் இருக்கும் காவலாளியைக் கேட்டாலே தெரியும். அண்ணன் ட்ரம்மையும் பார்த்தார். ‘கேனை நிரப்பினது அந்தப் பொண்ணு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய வேலைக்கு ஆபத்தே இல்லை. சொல்லவில்லை. தெரிந்தே விட்டாரா, தெரியாமலா?

தெரிந்தே என்று ஒரு முடிவு எழுதினேன். அதில் அவர் நீளமாகப் பேசினார். அப்படிப் பேசுகிறவர் இல்லை அவர். தெரியாது என்று இன்னொன்று எழுதினேன். அதில் எனக்கு நிம்மதி கிடைத்தது. அதனாலேயே அதை நம்பவில்லை.

இரண்டையும் விட்டுவிடுகிறேன். நான் பார்த்ததை மட்டும் தருகிறேன். வைத்துக்கொள்ளுங்கள்.

7

மேடம் கடிதம் கொடுத்த அன்று மாலை அவர் ஜாடிகளைத் துடைத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஐந்து மாதத்தில் நானாக அவரிடம் பேசியது அதுதான் முதல்.

“அண்ணே, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

கையிலிருந்த ஜாடியை, பெயர் வெளியே தெரியும்படி திருப்பி வைத்தார். துணியை உதறிக் கொடியில் போட்டார். சட்டைப் பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.