பவுனுக்குப் போட்ட தரை

செம்மண்டலத்தில் மரிய ஜோசப்பைப் போலத் தரை போட ஆள் கிடையாது என்று மற்ற கொத்தனார்களே சொல்வார்கள். அவர் சொல்லிக்கொள்வது அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. மாதா திருவிழாவுக்கு முன்னால், சொந்த வீட்டு அடுப்படித் தரை பெயர்ந்து கிடக்க, மாட்டுக் கொட்டகைக்குச் சிமெண்டு போட்டுக் கண்ணாடியாய் இழைத்தார் மனுஷன். ஈரம் காயுமுன் மூலையில் கரண்டி முனையால் 'பவுனு 2007' என்று பசுவின் பெயரையும் எழுதினார். மனைவி இன்னாசிமேரி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பவுனு அந்தத் தரையில் பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்தாள்.

"பாத்தியா, படுத்து அழுக்காக்க அவளுக்கே மனசு வரல," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

பொங்கல் கழிந்து அவள் முன்னங்கால் முட்டியில் ஒரு வீக்கம் கிளம்பி, தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. பார்த்தவர்கள் புற்று என்றார்கள். சூடு போட்டால் அமுங்கும் என்றார் ஒருவர். அடிமாட்டுத் தரகர் சுப்பிரமணியன், உடம்பில் கறி இருக்கும்போதே தள்ளிவிடும்படி நயமாகப் பேசி, சனிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கன்றிலிருந்து வளர்த்தவள். மரிய ஜோசப்புக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை இன்னாசிமேரிதான் கால்நடை டாக்டர் அனுப்பிரியாவைக் கையோடு கூட்டிவந்தாள். கொட்டகையில் கால் வைத்த டாக்டர் சர்ரென்று வழுக்கி, பவுனின் முதுகைப் பிடித்துக்கொண்டார். முதலில் தரையைத்தான் பார்த்தார். பிறகு முட்டியைச் சுத்தம் செய்து ஊசியால் கொஞ்சம் இழுத்தார். தெளிந்த மஞ்சள் நீர் வந்தது.

"புத்துநோயெல்லாம் இல்லீங்க. முட்டிக்கு முன்னாடி நீர்ப்பை கட்டியிருக்கு. ஏந்திரிக்கும்போதெல்லாம் வழுக்கி வழுக்கி இந்தத் தரையில இடிச்சிருக்கு. சூடுகீடு வச்சிடாதீங்க. மெத்துனு மண்ணு போட்டா மெதுவா வத்தும். வலிக்குப் பயந்து பாவம், படுக்காமயே நிக்கிது."

மரிய ஜோசப்புக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எத்தனை பேரிடம் பீற்றியிருப்பார்!

மறுநாள் தரகர் வந்தபோது மரிய ஜோசப் கடப்பாரையும் கையுமாக நின்றார்.

"என்னா மேஸ்திரி, இவ்ளோ நல்ல தரைய யாராவது ஒடப்பாங்களா?"

"போட்டவன் ஒடப்பான். நீ வண்டியத் திருப்பு."

அடுப்படித் தரைக்கென்று வாங்கிவைத்த மணலைக் காட்டி, "அதக் கொட்டு," என்றாள் இன்னாசிமேரி. "அடுப்படி எங்க ஓடிடப்போவுது?"

பவுனு மணலை முகர்ந்து பார்த்தாள். முட்டியை மெல்ல மடித்து, நீளமாக ஒரு மூச்சு விட்டுப் படுத்தாள்.

பால் கறக்கும் நேரம். இன்னாசிமேரி சொம்போடு வந்தாள்.

"எழுப்பாத," என்றார் மரிய ஜோசப். அவர் கண்ணில் நீர் முட்டியிருந்தது. "அவ நிம்மதியா படுத்து எத்தினி நாளாச்சோ."