பெயர் சொல்லாத செய்முறைத் தேர்வு

செருவாயாவுக்கு இது மூன்றாவது முறை. உயிரியல் ஆசிரியர் பயிற்சியில் மற்றதெல்லாம் தேறிவிட்டாள். உற்றுநோக்கல் தேர்வுதான் இரண்டு தடவை காலை வாரியது. கண்டதைச் சொல்லச் சொன்னால் கதை விடுவாள். போன தடவை தவளையைப் பார்த்து, "பாவம், வீட்டு நினைப்பு வந்துடுச்சு" என்றாள். இன்றும் கோட்டை விட்டால் கண்டவுத் தீவில் அவளுக்கு வைத்திருக்கும் பள்ளி வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

தலைநகர் சுவாவிலிருந்து வந்த புதுத் தேர்வாளர் உள்ளே நுழைந்ததும் தோழி உலமிலா அவள் விலாவில் குத்தினாள்.

"செத்தோம்டி! அலிவெரெத்தி சார் எந்த ஊர் தெரியுமா? உங்க ஊருக்குக் கேலி பண்ற முறைக்காரங்க!"

மேசைத் தட்டில் பத்துக் காலோடு பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தது அவருடைய குலச்சின்னம். அதன் பெயரை அந்தக் குலத்தார் முன்னால் சொன்னாலே சிரிப்பும் கிண்டலுமாக அமளி; கேலிமுறைக்காரி சொன்னால் கூரை பறக்கும். அப்புறம் தேர்வாவது மண்ணாவது! பெயரை நானும் சொல்லமாட்டேன். அந்த ஊரில் நாங்களும் பெண் எடுத்திருக்கிறோம்.

செருவாயாவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஆரம்பிம்மா," என்றார் அவர், தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு.

கோபக்காரன், கூச்சக்காரன் என்று எதைச் சொன்னாலும் அவரைச் சொன்னதாகிவிடும். கண்ணில் பட்டதை மட்டும்தான் சொல்ல முடியும்.

"ஓடு கரும்பச்சை. அகலம் பதினோரு சென்டிமீட்டர். வலது கொடுக்கு இடதைவிடப் பெரிசு. வாயோரம் நுரை இருக்கு..."

பத்து நிமிடம் கொட்டித் தீர்த்தாள். ஓர் ஊகம்கூட இல்லை. உலமிலா வாயில் கைக்குட்டையைத் திணித்திருந்தாள்.

"கடைசிக் கேள்வி. பார்த்ததை வச்சு ஒரே ஒரு முடிவு சொல்லு. ஆதாரம் வேணும்."

இதில் சறுக்கினால் எல்லாம் போச்சு. செருவாயா தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சார், பத்து நிமிஷமா நீங்க இந்தப் பக்கமே திரும்பல. தாளைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க. தோள் குலுங்குது. அதனால..."

"அதனால?"

"இது உங்களுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம், சார்."

ஆய்வுக்கூடமே கொல்லென்று சிரித்தது. அலிவெரெத்தி மேசையில் கவிழ்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே தாளை நேராகத் திருப்பி முழு மதிப்பெண் போட்டார்.

"ஆதாரம் பக்காவா இருக்கு. ஓடிப்போ, முறைக்காரி! கண்டவுப் பிள்ளைங்க உன்கிட்ட மாட்டிக்கிட்டாங்க."

செருவாயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உலமிலாவை இழுத்துக்கொண்டு வராந்தா முழுக்கக் குதித்துக்கொண்டே ஓடினாள்.