காட்டுத்தீக்குக் காரணம் காடு என்றவர்

1.

இந்தக் கதை பல் மருத்துவர் ஒருவரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகட்டும் என்று என்னை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் மைக்குகளுக்கு நடுவில் நின்று, "காட்டுத்தீக்கு முதல் காரணம் காடுதான். காடே இல்லாத இடத்துல காட்டுத்தீ வந்துச்சுன்னு யாராவது நிரூபிக்கட்டும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வாயில் பாதி என் வசம் இல்லை. சிரிப்பு இடது பக்கமாக மட்டும் வெளியேறி, எச்சிலாகச் சட்டையில் இறங்கியது. பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

பாதியில் நின்ற அந்தச் சிரிப்பை எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. ஒரு முட்டாள் அரசியல்வாதியை நடுவில் நிற்கவைத்து நாலு சாத்து சாத்தலாம், நீங்களும் ஓரமாக நின்று கைதட்டலாம் என்பது திட்டம். திட்டம் எந்த இடத்தில் கெட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: 'மலைக்கு மேலே புகை ஒரு கறுத்த…'

(கறுத்த என்ன? புகைக்கு உவமை தேடி நேரத்தை வீணடிக்காத எழுத்தாளரே கிடையாது. எனக்கு வேண்டாம். புகை, புகையாகவே இருக்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: 'அந்த அயோக்கியன் காலையில் எழுந்து பல் துலக்கினான்.'

(அயோக்கியர்களும் பல் துலக்குவார்கள்தான். ஆனால் முதல் வரியிலேயே திட்டித் தீர்த்துவிட்டால் மீதிப் பக்கங்களில் என்ன செய்வேன்? மேலும், பல் விஷயத்தில் யாரையும் குறைசொல்லும் நிலையில் நான் அன்று இல்லை.)

மூன்றாம் தொடக்கம் தேறியது. அதிலிருந்து போகலாம்.

3.

உறுப்பினர் கண்ணாடி முன் நின்று தலைசீவிக்கொண்டே, "இன்னைக்கு என் கருத்து என்னம்மா?" என்று செயலாளரைக் கேட்டார்.

உறுப்பினர்களுக்கான கட்டடத்தில் அது அவருடைய அறை. மூலையில் கை கழுவும் தொட்டி, அதற்கு மேலே கண்ணாடி, முழுதாக மூட மறுக்கும் ஓர் இரும்பு அலமாரி. செயலாளர், உறுப்பினர் முதல் தேர்தலில் ஜெயித்த நாளிலிருந்து அவருடைய உரைகளை எழுதிவரும் பெண்மணி. அவர் வாயிலிருந்து வந்த நல்ல வாக்கியங்கள் எல்லாமே இந்த அம்மாளுடையவை. பல் மருத்துவமனையில் நான் கேட்ட வாக்கியம் மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

"எப்பவும் போல ரெண்டு இருக்கு சார். பச்சை உறையில மசோதாவை ஆதரிக்கிறீங்க. சிவப்பு உறையில எதிர்க்கிறீங்க."

"எது நல்லா வந்திருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார். கடைசிப் பக்கம் மட்டும் வேற."

இது அவர்கள் தொழில் செய்யும் முறை. அவைக்குள் நுழைந்து, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யார் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கவில்லை என்பதையெல்லாம் நோட்டம் விட்ட பிறகுதான் உறுப்பினருக்குக் கருத்து உருவாகும். எனவே காட்டின் பெருமை, மக்களின் கண்ணீர், நாட்டின் வளர்ச்சி எல்லாம் இரண்டு உறைகளிலும் ஒரே மாதிரி வரும். கடைசிப் பக்கத்தில் மட்டும் உரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும்.

அன்றைய மசோதா மலைக்காட்டின் ஒரு பகுதியைச் சுரங்கத்துக்குத் திறந்துவிடுவது பற்றியது.* ஒரு நிறுவனம் மரங்களை வெட்டி, மண்ணைத் தோண்டி, கனிமத்தை எடுத்துக்கொள்ளும். லாரிகள் போக வேண்டும் என்பதால் மலைச்சாலையைத் தன் செலவில் அகலப்படுத்தும்.

* மசோதா தலையணைத் தடிமனில் இருந்தது. உறுப்பினர் அதைப் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. ஆனால் அது என் கற்பனை என்பதால் எனக்கு ஒரு சாக்கு இருக்கிறது.

4.

இந்த இடத்தில்தான் திட்டம் கெட்டது.

உறுப்பினரின் முட்டாள்தனத்துக்கு ஆதாரம் திரட்டலாம் என்று, வனத்துறையில் இருந்து ஓய்வுபெற்ற என் மைத்துனருக்குப் போன் போட்டேன். காடுதான் காட்டுத்தீக்குக் காரணம் என்று ஒருவர் சொல்கிறார், இதைவிட அபத்தம் உண்டா என்று கேட்டேன்.

"பாதி சரிதான் மச்சான்" என்றார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. "என்ன பாதி சரி?"

"வருஷக்கணக்கா புதரும் சருகும் சேர்ந்துச்சுன்னா, கீழ வந்த தீ அதைப் புடிச்சு மர உச்சிக்கு ஏறிடும். அப்புறம் யாராலயும் அணைக்க முடியாது. அதை அப்பப்ப வெட்டிக் கழிச்சு விடணும்."

"அப்ப வெட்டலாம்ங்கிறீங்க."

"அப்படிச் சொல்லலையே. வெட்டுறவன் நல்ல மரத்தை லாரில ஏத்திட்டு, கிளையை எல்லாம் அங்கயே போட்டுட்டுப் போவான். அது காஞ்சு கிடந்தா முன்ன இருந்ததை விட மோசம்."

"அப்ப வெட்டக்கூடாதுங்கிறீங்க."

"அப்படியும் சொல்லல."

இவர் எந்தக் கட்சியிலும் இல்லாதவர். போனை வைத்தபோது எனக்கு உறுப்பினர் மீது லேசாக இரக்கம் வந்துவிட்டது. கேலிக்கதை எழுத உட்கார்ந்தவனுக்கு இரக்கம் வருவது ஆகாது. அதைச் சரிக்கட்ட அவரை இன்னும் கொஞ்சம் மோசமானவராக்கலாம் என்று, நிறுவனத்தாரோடு ஒரு விருந்துக்கு அனுப்பிப் பார்த்தேன். அங்கே போய் அவர் ஒரு ஓரமாக…

(இல்லை, விருந்தை எடுத்துவிட்டேன். அங்கே போயும் அவர் கைகழுவும் இடம் எங்கே என்று தேடிக்கொண்டு நின்றார். அவரைக் கெட்டவராக்கவும் ஒரு திறமை வேண்டும், எனக்கோ அவருக்கோ அது இல்லை.)

பிறகு வேறொன்று செய்தேன். அவருக்கு ஓர் அக்காவைக் கொடுத்து, அவளை அதே மலையில் குடிவைத்தேன். வில்லனுக்கு யாரும் அக்கா கொடுக்கக்கூடாது. கொடுத்த பிறகு அவன் வில்லனாக இருப்பதில்லை, தம்பியாகிவிடுகிறான்.

5.

அக்கா மலையில் சாலை முடிகிற இடத்தில் இருந்த கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். சின்ன வயதில் தம்பி உடைத்த ஜன்னல்களுக்கெல்லாம் தானே முன்வந்து திட்டு வாங்கியவள். கீழே இறங்குவதற்கு ஒடுங்கிய ஒரே சாலை. எதிரே ஒரு வண்டி வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டும். போன கோடையில் தீ வந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் காரை எடுத்தார்கள். எந்தக் காரும் நகரவில்லை. கண்ணாடியில் விழுந்த சாம்பலை வைப்பர் போட்டுத் துடைத்துக்கொண்டு அக்கா உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். காற்று திரும்பியதால் எல்லாரும் பிழைத்தார்கள்.

மசோதாவுக்கு முதல் நாள் மாலை அவள் போன் செய்தாள்.

"டேய், அந்த ரோடு வருமா, வராதா?"

"மசோதா வந்தா ரோடும் வரும்க்கா."

"மசோதா வந்தா வெடி வைப்பான், கரண்டு கம்பி இழுப்பான், வெட்டுனதைக் காயப்போடுவான். ஒரு பொறி போதாதா?"

"போதும்க்கா."

"அப்ப வேண்டாம்ங்கிறியா?"

"வேண்டாம்னா ரோடு வராதே."

"சரி, நீ என்னதான்டா நினைக்கிற?"

"அனைத்துத் தரப்பினரையும் கலந்து பேசி…" என்று உறுப்பினர் ஆரம்பித்தார்.

"அக்காகிட்டயே அறிக்கை விடுறியா?" என்று அவள் வைத்துவிட்டாள்.

உறுப்பினர் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவீர்கள் என்று கேட்க ஆயிரம் பேர் உண்டு. என்ன நினைக்கிறீர்கள் என்று அவரை யாரும் கேட்டதில்லை. உள்ளே தேடிப் பார்த்தார். அக்கா அந்தக் காருக்குள் மறுபடி உட்காரக்கூடாது என்பது மட்டும் இருந்தது. அதற்கு எந்த உறை என்று அவருக்குத் தெரியவில்லை.

6.

அவையில் விவாதம் இழுத்துக்கொண்டே போனது. எல்லாரும் காட்டைத் தாயே என்றார்கள். ஒரு சாரார் தாயை வெட்டக்கூடாது என்றார்கள், இன்னொரு சாரார் தாய்க்கு முடி வெட்டிவிடலாம் என்றார்கள். மதியம் தாண்டியதும் சபாநாயகர் கடிகாரத்தைப் பார்த்தார். மிச்சமிருக்கும் உறுப்பினர்கள் தங்கள் உரையை எழுத்தில் கொடுக்கலாம், அந்த உரைகள் பேசப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று அறிவித்தார்.

அந்த அவையில் எல்லாருக்கும் பிடித்த வழக்கம் இது. பேசாமலே பேசிவிடலாம், யாரும் குறுக்கே கத்த மாட்டார்கள்.* அவை ஊழியர் தட்டு ஒன்றை ஏந்தி வரிசையாக வந்தார்.

* கைதட்டலும் கிடைக்கும். 'மேசையைத் தட்டும் ஓசை' என்று உரைக்குள்ளேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நம் செயலாளர் ஒரு பக்கத்துக்கு ஒரு தட்டுக்கு மேல் போடமாட்டார், நாகரிகமானவர்.

ஊழியர் நம் உறுப்பினரிடம் வந்து நிற்கவும், அவர் சட்டைப்பையில் போன் அதிரவும் சரியாக இருந்தது. எடுத்துப் பார்த்தார். அக்கா. கண்ணைப் போனிலிருந்து எடுக்காமல், மடியில் இருந்ததை அப்படியே அள்ளித் தட்டில் வைத்துவிட்டு வெளியே ஓடினார்.

இரண்டு உறைகளையும் வைத்துவிட்டார்.

ஆக, அவைக் குறிப்பில் அவர் மசோதாவை மனமார ஆதரித்தார், மேசைகள் தட்டப்பட்டன. அடுத்த பக்கத்தில் அதே மசோதாவை உயிருள்ளவரை எதிர்ப்பேன் என்றார், மறுபடி தட்டப்பட்டன. நடுவில் காட்டின் பெருமை இரண்டு முறை வந்தது. செய்தியாளர்கள் இதைப் படித்துவிட்டு 'ஆழ்ந்த சமநிலை கொண்ட உரை' என்று செய்தி அனுப்பினார்கள். இரண்டு தரப்புத் தலைவர்களும் அவருடைய பேரைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய அரசியல் வாழ்க்கையிலேயே இவ்வளவு பெரிய வெற்றி கிடைத்ததில்லை. கேலிக்கதையாக இருந்தால் இங்கேயே முடித்திருப்பேன்.

7.

வெளியே ஓடிய உறுப்பினர் தாழ்வாரத்தில் நின்று போனைக் காதில் வைத்தார்.

"டேய், மலைக்கு அந்தப் பக்கம் புகை வருது."

"அறிவிப்பு ஏதும் வந்துச்சா?"

"ஒண்ணும் வரல. பக்கத்து வீட்டுக்காரங்க கிளம்பலாம்ங்கிறாங்க. எதிர்வீட்டுல, ரோட்டுல மாட்டிக்கிறதுக்குப் பதிலா பள்ளிக்கூட மைதானத்துல போய் நிக்கலாம்ங்கிறாங்க. நான் கிளம்பவா, இருக்கவா?"

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், ரெண்டையும் குடுத்துட்டீங்க சார்!" உறுப்பினர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு வழக்கப்படி, பதில் கேட்டு செயலாளரின் முகத்தைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் இரண்டு பதில் வைத்திருக்கும் அந்த அம்மாளின் கையில் இப்போது ஒன்றும் இல்லை. உள்ளே ஓட்டெடுப்புக்கு மணி அடித்தது.

உறுப்பினருக்கு நான் எழுதிப் பார்த்த பதில்கள்:

"கிளம்புறதும் நல்லதுதான், இருக்கிறதும் ஒரு விதத்துல…" (அடித்துவிட்டேன்.)

"தீயணைப்புத் துறையோட அறிவுரைப்படி…" (இதையும்.)

"அக்கா, நீ என்ன நினைக்கிற?" (இது அவருடைய சுபாவத்துக்குப் பொருந்தியது. வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.)

அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"கிளம்புக்கா. எதையும் எடுக்காத. செருப்பை மாட்டு, கிளம்பு."

"நிச்சயமாத்தான் சொல்றியா?"

"நிச்சயமாச் சொல்றேன். போனை வைக்காத, அப்படியே சீட்டுல போடு."

இதை நானும் எழுதவில்லை, செயலாளரும் எழுதவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அவர் நின்றார். பயந்துபோய் நின்ற அவரைப் பார்க்க எனக்கும் பயமாக இருந்தது.

8.

முடிவுகளுக்கு வருவோம்.

முதல் முடிவில் அவர் உள்ளே போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். இரண்டாவதில் சிவப்பு. எதை அழுத்தினாலும் அந்தச் சாலை இன்றைக்குள் அகலமாகப் போவதில்லை. அதனால் அவர் உள்ளே போகவே இல்லை, மணி அடித்து ஓய்ந்துவிட்டது. மசோதா என்ன ஆனது என்று நாளைக்குச் செய்தியில் வரும்.

ஆனால் நான் சாலையை அகலப்படுத்தலாம். ஐந்தாம் பகுதிக்குப் போய் 'ஒடுங்கிய' என்று எழுதிய இடத்தை மாற்றினால் போதும், அக்கா அரை மணியில் கீழே வந்துவிடுவாள். ஆனால் அகலமான சாலை சும்மா வராது. அதற்கு முன்னால் சுரங்கம் வந்திருக்க வேண்டும், மரம் வெட்டியிருக்க வேண்டும், கிளைகள் காய்ந்து கிடக்க வேண்டும். அப்புறம் இந்தப் புகை மலைக்கு அந்தப் பக்கமிருந்து வராது, அவள் வீட்டுக் கொல்லையிலிருந்து வரும்.

காற்றைத் திருப்பலாமா? போன கோடையில் ஏற்கெனவே ஒரு தடவை திருப்பிவிட்டேன். இன்னொரு தடவை திருப்பினால் நீங்கள் புத்தகத்தை மூஞ்சியில் எறிவீர்கள். மைத்துனருக்குப் போன் போட்டேன். பாதிப் பாதி என்று இழுத்தார், வைத்துவிட்டேன்.

உறுப்பினரின் போனில் இப்போது ஹாரன் சத்தம் கேட்கிறது.

"அக்கா, எங்க இருக்க?"

"முதல் வளைவுல. முன்னாடி வண்டியா நிக்குது."

"நகருதா?"

அக்கா எட்டிப் பார்க்கிறாள் போலிருக்கிறது. உறுப்பினர் செயலாளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார். அவரை நேருக்கு நேர் பார்க்க எனக்குத் தெம்பில்லாமல் நான் உங்களைப் பார்க்கிறேன். வண்டிகள் நகர்கின்றனவா, இல்லையா? இரண்டில் ஒன்று சொல்லுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவள் காருக்குள் இருக்கிறாள்.