வலப்பக்கத்து முதல் பக்கம்

தையல்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த வெளிநாட்டுப் பெண்ணைப் புரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று அங்கே பட்டன் தைக்கும் பட்டனக்கா கங்கணம் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் நாட்டுக்காரி ஒருத்தி தன் வாழ்க்கையைப் படங்களாகவே வரைந்த புத்தகத்தை அந்தப் பெண்ணிடமே இரவல் வாங்கினாள். எழுத்து புரியாவிட்டால் என்ன, படம் பேசியது: வெறிச்சோடிக் கிடந்த சாப்பாட்டு மேசைக்கு ஒவ்வொருவராக வந்து சேர்ந்து, கடைசியில் குடும்பமே சிரித்தது.

"எல்லாரும் வந்து சேர்ந்துட்டாங்க! மனசே நெறஞ்சுபோச்சு."

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. "அக்கா, நாங்க வலது பக்கத்துலேருந்து படிப்போம். நீங்க கடைசியா பாத்ததுதான் முதல் பக்கம்."

பட்டனக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் புத்தகத்தை விடவில்லை. அதைத் திருப்பி வைத்து, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"சொல்லு, முதல்ல எழுந்து போனது யாரு?"