வேலம்பாளையத்தில் ஒரு ஸ்டாப்

வெளிநாட்டுக் கடைகளுக்குப் பின்னலாடை வாங்கித் தரும் பெங்களூர் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் கம்பெனியைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து பொங்கியண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. தையல் மெஷின்களைத் துடைத்தாயிற்று. வாசலில் நின்றிருந்த பழைய டெம்போவைக்கூட மச்சான் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். ஒன்றே ஒன்றைத்தான் அவரால் நகர்த்த முடியவில்லை. அது லிங்கசாமியின் புதுக் கட்டடம்.

கோவை விமான நிலையத்திலிருந்து ஹைவேயில் நேராக வந்தால், பெருமாநல்லூர் வருவதற்குச் சற்று முன்னால் அது நிற்கும். ஐந்து மாடி. முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி. வாசலில் நீரூற்று வேறு. லிங்கசாமியும் பொங்கியண்ணனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது இருவரும் ஒரே வெளிநாட்டு ஆர்டருக்காக மல்லுக்கட்டுகிறவர்கள்.

"அதைப் பாத்துப்போட்டு நேரா நம்ம கம்பெனிக்கு வந்தா, மாட்டுக் கொட்டாய்க்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்குமுங் கண்ணு," என்றார் மருமகள் தேஜஸ்ரீயிடம். கம்பெனியின் மெயில், சாம்பிள் எல்லாம் அவள் பொறுப்பு. "அந்தக் கட்டடம் அவங்க கண்ணுலயே படக்கூடாது."

"ஹைவேயை விட்டா வேற வழி எங்க இருக்குங்க மாமா?"

"அவினாசியில எறக்கி, திருப்பூர் ரோட்டுல உட்டு, வேலம்பாளையம் சுத்தி, தெக்கால இருந்து வரச் சொல்லு. அப்படியே நம்ம ஆர்ச்சையும் பாத்தாப்புல ஆச்சு."

ஆர்ச் என்றால் மாரியம்மன் கோயில் அலங்கார வளைவு. அதில் 'உபயம்' என்பதற்குக் கீழே பொங்கியண்ணனின் பெயர் சாமி பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்.

தேஜஸ்ரீ டிரைவர் ஆரோக்கியராஜின் போனை வாங்கினாள். வரைபடத்தில் நீலக்கோடு பிடிவாதமாக ஹைவேயிலேயே ஓடியது. விரலால் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

"இழுத்தா கேக்காதுங்க மாமா. நடுவுல ஸ்டாப் போட்டாத்தான் நாம சொல்ற வழியில போகும்."

வேலம்பாளையத்தில் கைக்கு வந்த இடத்தில் ஒரு ஸ்டாப் போட்டாள். கோடு துள்ளி வளைந்தது. ஆர்ச்சில் இன்னொன்று போட்டாள். இப்போது கோடு, கீழே விழுந்த நூல்கண்டு மாதிரி சுற்றிச் சுற்றி வந்து கம்பெனி வாசலில் முடிந்தது. பொங்கியண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்து மகிழ்ந்தார்.

"ஆரோக்கியம், இந்தப் பொண்ணு என்ன சொல்லுதோ அப்படியே போவோணும்," என்றார், போனைக் காட்டி. "உன்ற மூளையைக் கொஞ்சமும் செலவு பண்ணப்படாது."

"சரிங்க மொதலாளி," என்றான் ஆரோக்கியராஜ். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து பல வருடமாக இங்கே வண்டி ஓட்டுகிறவன். மூளையைச் செலவு பண்ணாத வேலை அவனுக்கும் சௌகரியமாகத்தான் பட்டது.

மேடத்தின் பெயரை மைதிலி என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையோடு விமான நிலையத்தில் நின்றான். அவர் வந்தார்: காட்டன் சேலை, முதுகில் பை, காதில் ஹெட்போன். "வெல்கம் மேடம்," என்று ஒத்திகை பார்த்ததைச் சொன்னான். அவர் சிரித்துத் தலையசைத்துவிட்டு ஏறினார். ஏறியதிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு போன், இந்தியில் ஒரு போன். தமிழ் தெரியாது போலிருக்கிறது என்று ஆரோக்கியராஜ் முடிவு கட்டினான்.

அவினாசி வந்தது. பச்சைப் பலகை 'பெருமாநல்லூர்' என்று எழுதி நேராக அம்பு காட்டியது. போனிலிருந்த பெண் இடது பக்கம் பிரிந்து இறங்கச் சொன்னாள். இறங்கினான். கண்ணாடியில் பார்த்தால், மைதிலி ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஏசியைக் கொஞ்சம் கூட்டினான்.

திருப்பூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, சந்து பொந்தெல்லாம் நுழைந்து, வண்டி வேலம்பாளையத்துக்குள் வந்தது. ஒரு பஞ்சர் கடைக்கு முன்னால் போன் தெளிவான தமிழில் சொன்னது: "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்."

அதோடு வாயை மூடிக்கொண்டது. திரையில் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டது. எதை அமுக்குவது என்று ஆரோக்கியராஜுக்குத் தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டினான். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே, "காத்தா, பஞ்சருங்களா?" என்று கேட்டார்.

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்கண்ணா, பெருமாநல்லூர் போறதுக்கு எதுக்குங்க வேலம்பாளையத்துக்கு வந்துருக்கறோம்?"

ஆரோக்கியராஜ் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினான். "மேடத்துக்குத் தமிழ் தெரியுமா?"

"நான் பொறந்து வளந்ததே இங்கதானுங்க. அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால எங்க ஊடு. அம்மா அங்கதான் இருக்கறாங்க."

அவனுக்கு வியர்த்துவிட்டது. சொந்த ஊர்க்காரரையே ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். "ஜிபிஎஸ்ல ஏதோ கோளாறு மேடம்," என்று இழுத்தான்.

"கோளாறுங்களா? குடுங்க பார்ப்போம்." கை நீட்டிப் போனை வாங்கினார் மைதிலி. நூல்கண்டைப் பார்த்தார். இரண்டு ஸ்டாப்பையும் பார்த்தார். விரலால் ஹைவேயை நகர்த்திக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்று சிரிக்க ஆரம்பித்தார். "லிங்கசாமி சார் கட்டடம்! அதைத்தானே மறைக்கறீங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்," என்றான் ஆரோக்கியராஜ். சொன்ன வேகத்திலேயே அது பொய்யென்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில நான் அங்கதானுங்க போறேன். எனக்கு அவங்க போட்டோவே அனுப்பிட்டாங்க. நீரூற்றுக்குன்னு தனியா ஒரு போட்டோ."

ஆரோக்கியராஜுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பஞ்சர் கடைக்காரர் இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சிரித்து முடித்ததும் மைதிலி ஜன்னல் வழியே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். "சாயங்காலம்தான் அம்மாவைப் பாக்கறதா இருந்தேன். இவ்வளவு தூரம் கொண்டாந்து உட்டுட்டீங்க. ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாமுங்களா?"

முதலாளி சொன்னபடிதான் போக வேண்டும். ஆனால் முதலாளி போட்ட ஸ்டாப்பே இதுதானே என்று தோன்றியது. வண்டியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திருப்பினான்.

மைதிலியின் அம்மா மயிலாள் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு கம்பெனியில் தைத்த பீஸ்களைச் சரிபார்க்கிற வேலை. இன்று மகள் வருகிறாள் என்று லீவு போட்டிருந்தார். காரிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைக்காமலே எழுந்தார்.

"பொழுதோடதானே வர்றேன்னு சொன்னே! இன்னும் கொழம்புகூட வெக்கலையே கண்ணு!"

"சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்மா."

"இவரு யாரு?"

"டிரைவருங்க அக்கா," என்றான் ஆரோக்கியராஜ். "ஒண்ணும் வேண்டாம்க்கா, நான் வெளியவே நிக்கேன்."

"நிக்கேனா? பேச்சுலயே தெரியுது, தெக்கத்தியாளு. உள்ள வாங்க தம்பி."

தட்டில் இட்லி வந்தது. அவன் வேண்டாமென்று சொல்லச் சொல்ல இன்னும் இரண்டு விழுந்தது. எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்டார் மயிலாள். சொன்னான்.

"பொங்கியண்ணன் கம்பெனியா?" மயிலாள் மகள் பக்கம் திரும்பினார். "எங்க லைன்ல அங்க இருந்து வந்த பொண்ணுங்க ரண்டு பேரு இருக்கறாங்க. தூரம்னுதான் நின்னுட்டாங்க, இல்லீன்னா வந்திருக்க மாட்டாங்களாம். பாத்ரூம் கழுவி உட்டாப்புல இருக்குமாம். கொழந்தைக்கு மேலுக்கு முடியலைன்னா ஒரு பேச்சுப் பேசாம அனுப்பி வெச்சிருவாராம். டீதான் வாயில வெக்க முடியாதுன்னு சொல்லுவாங்க."

ஆரோக்கியராஜ் இட்லியை விழுங்கிவிட்டு, "அது உண்மைதான்க்கா," என்றான்.

மைதிலி அதைக் காதில் வாங்கிக்கொண்டே, அம்மா உரித்துப் போட்ட வெங்காயத் தோலை ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

இதற்குள் பொங்கியண்ணன் பல தடவை கூப்பிட்டுவிட்டார். வண்டிக்கு வந்து எடுத்தபோது, "எங்கப்பா போய்ட்டீங்க! லிங்கசாமி ஆளுக தூக்கிட்டுப் போயிட்டாங்களா?" என்று அலறினார். "போனு காட்டுன வழியிலதாங்க வாரோம்," என்றான் ஆரோக்கியராஜ். பாதி உண்மை.

கிளம்பும்போது மைதிலியே போனில் அமுக்க வேண்டியதை அமுக்கிக் கொடுத்தார். "ஆர்ச்சையும் பாத்துட்டே போலாமுங்க. பாவம், ஆசைப்பட்டுப் போட்டிருக்கறாரு."

ஆர்ச்சைப் பார்த்தார்கள். மைதிலி இறங்கி நின்று போட்டோவே எடுத்துக்கொண்டார்.

கம்பெனி வாசலில் பொங்கியண்ணன் சந்தன மாலையோடு நின்றிருந்தார். பக்கத்தில் தேஜஸ்ரீ. தூக்கம் கெட்டு மனப்பாடம் செய்திருந்த ஆங்கிலத்தை அவிழ்த்தார்: "மேடம், ஜர்னி கம்பர்டபிள்? ரோடு குட்?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. கோயில் ஆர்ச்சு அம்சமா இருக்குதுங்க."

மாலை அவர் கையிலேயே நின்றுவிட்டது. தேஜஸ்ரீ ஆரோக்கியராஜைப் பார்த்தாள். அவன் காருக்குப் பின்னால் போய் டயரை உதைத்துப் பார்த்தான்.

மைதிலி முதலில் பார்க்கக் கேட்டது மாதிரித் துணியை அல்ல, பெண்கள் கழிப்பறையை. பிறகு குழந்தைகள் அறை. தையல் வரிசையில் ஒவ்வொரு மெஷினுக்கும் நின்று பேசினார். பொங்கியண்ணன் பின்னாலேயே, சொல்ல வைத்திருந்த ஆங்கிலத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு நடந்தார். மெல்ல மெல்ல அவருக்குத் தன் தமிழும் திரும்பி வந்தது, தைரியமும் வந்தது. டீ வந்தபோது மைதிலி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மரியாதையாகக் கீழே வைத்தார்.

சாயங்காலம் அவரை மறுபடி வேலம்பாளையத்தில் இறக்கிவிட்டு வந்தான் ஆரோக்கியராஜ். முதலாளியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். பஞ்சர் கடை, இட்லி, நாளைக்கு லிங்கசாமி கம்பெனி, எல்லாவற்றையும். திட்டு விழும் என்றுதான் நினைத்தான். பொங்கியண்ணன் கழிப்பறை சங்கதியில் மட்டும் நின்றுகொண்டார்.

"பொண்ணுங்க அப்படியா சொன்னாங்களாம்? நம்ம கம்பெனியைப் பத்தி ஊரே பேசுது, என்ற காதுக்கு மட்டும் வரல பாரு."

அவர் முகத்தில் இருந்தது வெட்கமா சந்தோஷமா என்று ஆரோக்கியராஜால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சில நாள் கழித்து மெயில் வந்தது. குழந்தைகளின் இரவு உடைக்கு ஆர்டர். மேல்சட்டை பொங்கியண்ணனுக்கு, கால்சட்டை லிங்கசாமிக்கு. இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தாக வேண்டும். தேஜஸ்ரீ படித்துக் காட்டியதும் பொங்கியண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். வேறு வழியில்லை, பல வருடத்துக்குப் பிறகு லிங்கசாமிக்குப் போன் போட்டார். "ஏனப்பா, சௌக்கியமா?" என்று ஆரம்பித்தவர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் இருவரும் ஏதோ ஒரு வாத்தியாரைப் பற்றிச் சிரிப்பது வெளியே கேட்டது.

சாயம் போட்ட துணியை ஒத்துப் பார்க்க ஆரோக்கியராஜ்தான் கொண்டுபோனான். நீலக் கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் வண்டியை நிறுத்தியபோது அங்கே ஒருவன் கார் துடைத்துக்கொண்டிருந்தான். லிங்கசாமியின் டிரைவர் சகாயராஜ். ஊர் கேட்டால், சாத்தான்குளத்துக்குப் பக்கத்து நாசரேத். இருவரும் எதிரிலிருந்த பேக்கரிக்குப் போனார்கள்.

"அந்த பெங்களூரு மேடத்தை நான்தான் வேலம்பாளையத்துல இருந்து கூட்டிட்டு வந்தேன்," என்றான் சகாயராஜ். "நேரா பெருமாநல்லூர் ரோட்டுல ஏறுனா வந்துரலாம்லா? எங்க மொதலாளி விடல. போன்ல ஸ்டாப்புக்கு மேல ஸ்டாப்பா போட்டு, அவினாசி வழியா சுத்த விட்டாரு."

ஆரோக்கியராஜ் கடிக்கப் போன பப்ஸைத் தட்டில் வைத்தான். "எதுக்குல?"

"ஒங்க கம்பெனி அந்த ரோட்டுலதான இருக்கு. வாசல்ல மரமா நிக்குல்லா, வேம்பும் புங்கனுமா? அந்த நெழலைப் பாத்துட்டு வந்தா எங்க கண்ணாடிக் கட்டடம் செங்கச் சூளை மாதிரித் தெரியுமாம். மொதலாளி அழாத கொறை."

"மேடம் என்ன சொன்னாவ?"

"என்ன சொன்னாவளா? வழி நெடுகச் சிரிச்சுக்கிட்டே வந்தாவ. எதுக்குச் சிரிக்காவன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல."

ஆரோக்கியராஜ் பெஞ்சை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். இன்னும் இரண்டு டீ சொல்லிவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.