கோப்பி கொடுத்த வீடுகள்

கோலசிலாங்கூர் கிளை அலுவலகத்தில் சத்தியசீலன் வாக்காளர் பட்டியலை விரித்து, சாம்பல் நிறம் பூசிய பெயர்களைப் புறங்கையால் தள்ளிவிட்டார். நம்மவருக்கு வெள்ளை, எதிராளிக்குக் கறுப்பு, எந்தப் பக்கமும் பிடிகொடுக்காதவருக்குச் சாம்பல். கட்சியில் காலம் காலமாக அதுதான் கணக்கு.

"சாம்பல விட்டுரும்மா. வெள்ளைய வேன்ல ஏத்தி எறக்குனா போதும். ஓட்டைக் குடத்துல எதுக்குத் தண்ணி ஊத்துற?" என்றார் அந்தக் கிளைத் தலைவர்.

வீடு வீடாக ஓட்டுக் கேட்க வந்திருந்த தர்மினி விடுவதாக இல்லை. போன தடவை முப்பத்தெட்டு ஓட்டில் கோட்டைவிட்ட தொகுதி இது. இந்தத் தடவையும் விட்டால், தோட்டத்து லய வரிசை வீடுகளில் இருக்கும் நாற்பது குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்ற பேச்சை எடுக்கவே ஆளிருக்காது. அந்த நாற்பதில் அவள் வீடும் ஒன்று. மழை பெய்தால் அவள் அம்மா கட்டிலை மூலை மூலையாக இழுத்துக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் புஞ்சாக் ஆலாம் தொழிற்சாலையில் ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள்.

சாம்பலிலேயே பெரிய சாம்பல் குமுதா. செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை. தர்மினி மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் வாசலில் நிற்கவைத்துச் சண்டை பிடித்தாளே தவிர, ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. எதிர்வீட்டு நாகமணி மாமாவோ போன உடனே நாற்காலி, கோப்பி, பிஸ்கட். கோப்பி வந்தால் வெள்ளை என்று குறிப்பது கிளையில் எல்லோருக்கும் பழக்கம். தர்மினியும் அப்படித்தான் குறித்தாள். சொந்த லயத்துக்காரிக்கே அந்தக் கணக்கில் உள்ள ஓட்டை உறைக்கவில்லை, பாருங்கள்.

நான்காம் தடவையும் குமுதா அதையே கேட்டாள். தோற்ற பிறகு உங்கள் வேட்பாளர் வெள்ளம் வந்தப்போகூட எட்டிப் பார்க்கவில்லையே, ஏன்? இதுவரை சாக்குச் சொல்லி வந்த தர்மினிக்கு அன்று அலுத்துவிட்டது. வரவில்லைதான், தப்புதான், நானே அவரைத் திட்டினேன் என்றாள்.



"ஓட்டுப் போடுறேன்னு சொல்லல. யோசிக்கிறேன்." பிறகு குமுதா எதிர்வீட்டைக் காட்டினாள். "அங்க கோப்பி குடிச்சல்ல? நேத்து அந்தக் கட்சிக்காரங்களும் குடிச்சாங்க. வீடு தேடி வந்தவங்கள வெறும் வாயோட அனுப்புவாங்களா? அது மரியாத லா, ஓட்டு இல்ல."

 தர்மினியின் அம்மாவே முந்தாநாள் எதிர்க்கட்சிக்காரர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்திருந்தார். பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு வெள்ளை. அதில் எத்தனை மனம், எத்தனை வெறும் கோப்பி? பயமாக இருந்தது; தன்மேலேயே கோபமாகவும் வந்தது. ஓட்டுக்கு மூன்று நாள்தான் பாக்கி.

பட்டியலைச் சுவரில் வைத்து, வெள்ளைப் பெயர்களை ஒன்றுவிடாமல் பென்சிலால் சாம்பலாக்கினாள். சத்தியசீலனைப் போனில் கூப்பிட்டு, வேன் கிடக்கட்டும், நடக்கத் தெரிந்த ஆட்களை அனுப்புங்கள் என்றாள். பைத்தியமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குள் நுழைந்தாள்.

நாகமணி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கோப்பி வந்தது. தர்மினி அதை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"குடிக்கிறேன் மாமா. அதுக்கு முன்னால எங்க கட்சி மேல உங்களுக்கு என்ன கோவம், அதச் சொல்லுங்க."

நாகமணி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோப்பி ஆறிப்போன பிறகும் அவர் சொல்லி முடிக்கவில்லை.