பாறைமேல் ஒரு சீப்பு

"அங்க கோடையில இரவே வராதாமே?"

"ஓம். சூரியன் படுக்கவே படுக்காது."

"பொம்பிளையளும் வருவினமோ?"

"ஒருத்தி வாறா. ஹெல்கா எண்டு நோர்வேக்காரி. எங்களை மாதிரித்தான், ஆராய்ச்சி மாணவி."

கிரீன்லாந்துக்குப் புறப்பட்ட அன்று மெல்பேர்ன் விமான நிலையத்தில் வரதராஜா சொன்ன அந்தப் பதிலைச் சிவனேஸ்வரி அங்கே கோடை முடியும்வரை மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். கணவனிடம் கேட்க அன்றைக்கு இன்னொன்றும் இருந்தது. தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு, "மப்ளர் வைச்சனீங்களோ?" என்று கேட்டு வைத்தாள்.

இப்போது அவன் திரும்பி வந்துவிட்டான். மூக்குத் தோல் உரிந்து, தாடி வளர்ந்து, யாரோ போல. ஞாயிறு மத்தியானம் பிரன்ஸ்விக்கில் தங்கள் ஃபிளாற்றின் யன்னல் சீலையை இழுத்து மூடி, சுவரில் வேட்டியைக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் தன் பாறை ஆராய்ச்சிப் படங்களைக் காட்டினான்.

பனியாறு. கூடாரம். பொன்னிறத் தலைமயிரை இடுப்புவரை விட்டுச் சிரிக்கும் ஹெல்கா.

"வடிவான ஆள்," என்றாள் சிவனேஸ்வரி.

"நல்லாச் சமைப்பா," என்றான் அந்த அப்பாவி.

அடுத்து, பனியாறு நகர்ந்தபோது கீறிவிட்டுப் போன ஒரு பாறை. அதன்மேல் சின்னதாய் ஒரு சீப்பு. அடுத்த பாறையிலும் சீப்பு. அதற்கடுத்ததிலும். பாறையின் அளவு விளங்குவதற்காக அவன் வழக்கமாகச் சுத்தியலைத்தான் வைப்பான். விக்டோரியா மாநிலத்தில் எடுத்த படங்களெல்லாம் அப்படித்தான்.

"சுத்தியல் எங்க?"

"இருந்தது."

"அப்ப இது ஆரின்ரை சீப்பு?"

புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவன் காது சிவந்தது. சிவனேஸ்வரிக்கு ஹெல்காவின் நீளத் தலைமயிர் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொண்டு போய் நிற்க இந்த ஊரில் அவளுக்கு ஒரு வீடும் இல்லை.

அடுத்த படம் கிட்ட வைத்து எடுத்தது. கறுத்த கொம்புச் சீப்பு. ஓரத்தில் ஒரு பல் முறிந்திருந்தது. அவன் கிரீன்லாந்துக்குப் புறப்பட்ட கிழமை வீடு முழுக்கக் கிளறித் தேடி, கிடைக்காமல், கடையில் பிளாஸ்ரிக் சீப்பு வாங்கினவள் அவள்.

"இது என்ரை."

"ஓம். போகேக்க எடுத்தனான். கேட்டா நீர் சிரிப்பீர்."

"சுத்தியல் போதாதோ?"

"சுத்தியலைப் பாத்தா ஒருத்தற்றை ஞாபகமும் வராது."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து வேட்டியருகே போனாள். சீப்பு அங்கே அவள் உயரத்துக்கு நின்றது. அவன் பக்கம் திரும்பி, அன்றைக்கு விமான நிலையத்தில் விழுங்கியதைச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, சீப்பு வீட்டில கிடக்கட்டும். அடுத்த முறை என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."